நாற்பது நொடி நலம் விசாரிப்பு

காலை ஆறு மணி. சென்னைப் புறநகரில் ஒரு தெரு. தண்ணீர் தெளித்துக் கோலம் போட்ட வாசல்களில் ஈரம் இன்னும் காயவில்லை. பால் பாக்கெட் வாங்கக் கிளம்பியவர்களுக்கு நடுவே ஒரு பெரியவர் தன் லாப்ரடாரைச் சங்கிலியில் பிடித்தபடி வருகிறார். டீக்கடை பெஞ்சுக்கு அடியிலிருந்து செவலை நிறத் தெருநாய் ஒன்று எழுந்து, முன்னங்காலை நீட்டிச் சோம்பல் முறித்துவிட்டு எதிரே வருகிறது. நேராக வரவில்லை. ஓரமாக ஒதுங்கி, லேசாக வளைந்து, பக்கவாட்டில் வந்து நிற்கிறது. இரண்டும் ஒன்றையொன்று முறைத்துப் பார்க்கவில்லை. முதலில் மூக்கும் மூக்கும் ஒரு கணம் உரசுவதுபோல் நெருங்குகின்றன. அப்புறம் காது, கழுத்து, விலா. கடைசியில் இரண்டும் சேர்ந்தாற்போல் அரைவட்டம் சுற்றுகின்றன. இப்போது இதன் வாலடியில் அதன் மூக்கு, அதன் வாலடியில் இதன் மூக்கு.

"சீ, என்னடா பழக்கம் இது, வா!"

பெரியவர் சங்கிலியைச் சுண்டி இழுக்கிறார். லாப்ரடார் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போகிறது. செவலையோ, லாப்ரடார் நின்றிருந்த இடத்தில் மூக்கைத் தரையோடு வைத்து இன்னும் கொஞ்ச நேரம் மோந்துகொண்டு நிற்கிறது.

நாய் வளர்க்கிறவர்கள் பலருக்கு இந்தக் காட்சி கூச்சமாக இருக்கிறது. நாலு பேர் பார்க்கிற தெருவில் தன் வீட்டுப் பிள்ளை அநாகரிகமாக நடந்துகொண்டதுபோல ஒரு சங்கடம். ஆனால் நாய்களின் உலகத்தில் அந்த நாற்பது நொடிதான் நாகரிகம். யார், எந்த ஊர், நல்லா இருக்கீங்களா, சாப்பிட்டாச்சா என்று மனிதர்கள் வாயால் கேட்பதை அவை மூக்கால் கேட்டுக்கொள்கின்றன. பதிலும் மூக்குக்கே வந்துசேர்கிறது. பதில் வரும் முன்பே சங்கிலியை இழுப்பது, பேசிக்கொண்டிருப்பவரின் வாயைப் பொத்துவது போன்றது.

எல்லாம் சரி, ஏன் வாலடி?

நாயின் வாலுக்குக் கீழே, ஆசனவாயை ஒரு கடிகார முகப்பாக நினைத்துக்கொண்டால், 4 மணி இருக்கும் இடத்திலும் 8 மணி இருக்கும் இடத்திலும் தோலுக்கு உள்ளே இரண்டு சின்னப் பைகள் இருக்கின்றன. பட்டாணி அளவு இருக்கும், நாயின் உருவத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடலாம். கால்நடை மருத்துவர்கள் 'ஏனல் கிளாண்ட்' என்று சொல்வது இவற்றைத்தான். பையின் சுவரில் உள்ள சுரப்பிகள் ஒரு கொழகொழப்பான திரவத்தைச் சுரக்கின்றன. உள்ளே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை உடைத்து வாடையாக்குகின்றன. மலம் கழிக்கும்போது பைகள் அழுத்தப்பட்டுச் சில துளிகள் வெளியே வரும். மிரண்டுபோன நாய் சட்டென்று மொத்தத்தையும் பீய்ச்சிவிடுவதும் உண்டு. அந்த நாற்றத்தை ஒருமுறை அனுபவித்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

1976-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த வேதியியலாளர் ஜார்ஜ் பிரெட்டியும் உடன் பணியாற்றியவர்களும் நாய்களிடமிருந்தும் அவற்றின் காட்டு உறவான கயோட்டியிடமிருந்தும் இந்தத் திரவத்தை எடுத்து, அதில் ஆவியாகும் பொருள்கள் என்னென்ன என்று பிரித்துப் பார்த்தார்கள். புளித்த வாடை தரும் சிறிய கொழுப்பு அமிலங்களும் டிரைமெத்தில் அமீன் என்ற பொருளும் கிடைத்தன. மீன் கெட்டுப்போனால் வரும் வாடைக்குக் காரணம் இதே டிரைமெத்தில் அமீன்தான். "எங்க நாய் மேல கருவாட்டு நாத்தம் அடிக்குது" என்று மருத்துவரிடம் போகிறவர்கள் வேதியியல்படி மிகச் சரியாகத்தான் சொல்கிறார்கள். நாய் பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு நகர்ந்தால் வயிற்றில் பூச்சி என்று முடிவு கட்டி மாத்திரை கொடுத்துவிடுவது நம்மூர் வழக்கம். பல நேரம் இந்தப் பைகள் அடைத்துக்கொண்டிருப்பதுதான் காரணமாக இருக்கும். மருத்துவர் கையுறை போட்டு, இரண்டு விரலால் அழுத்தி எடுத்துவிட்டால் நாய் நிம்மதியாகிவிடும்.

பாக்டீரியாக்களின் கூட்டணி உடம்புக்கு உடம்பு மாறும். தின்னும் தீனியும் உடல்நிலையும் ஹார்மோன்களும் மாறும். அதனால் பையின் வாடையும் நாய்க்கு நாய் மாறும். வாலடியில் இந்தப் பை மட்டும் இருக்கிறது என்றும் இல்லை. சிறுநீரின் வாடை, இனப்பெருக்க உறுப்புகளின் வாடை, தோல் சுரப்பிகளின் வாடை எல்லாம் அங்கே அடுத்தடுத்துக் கூடுகின்றன. ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒரே ஒரு இடத்துக்குத்தான் போகலாம் என்றால், நாய் வேறு எங்கே போகும்?

வாலைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். வாலைத் தூக்கி நிற்கும் நாய் தன்னைப் பற்றிய தகவலைத் திறந்துவைத்திருக்கிறது. பயந்த நாய் வாலைக் கால்களுக்கு நடுவே ஒடுக்கிக்கொண்டு உட்காரப் பார்க்கிறதே, அது அந்தத் தகவலை மூடிவைக்கிறது. வெட்கப்படும் குழந்தை பெயர் கேட்டால் அம்மாவின் புடவைத் தலைப்பில் முகத்தை மறைத்துக்கொள்வதைப் போலத்தான்.

இனி அந்த மூக்கைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். வீட்டில் நாய் இருப்பவர்கள் அது தூங்கும்போது குனிந்து பாருங்கள். மூக்குத் துவாரம் மனிதர்களுக்கு இருப்பதுபோல் வெறும் வட்டமாக இருக்காது. உள்வட்டத்திலிருந்து பக்கவாட்டில் ஒரு கீறல் வெளியே ஓடும். காற்புள்ளியின் வால் மாதிரி. பார்ப்பதற்குச் சாதாரணமான அந்தக் கீறலில் பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது.

பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் காற்றோட்டத்தைப் படம்பிடிக்கும் தனிக்கலையில் பல ஆண்டுகள் உழைத்த காரி செட்டில்ஸ் என்ற பொறியாளர் நாயின் மூக்கை ஆராய்ந்தார். நாய் மூச்சை இழுக்கும்போது காற்று முன்பக்கத் துவாரம் வழியாக உள்ளே போகிறது. விடும்போது துவாரத்தின் வடிவமே மாறி, காற்று அந்தப் பக்கக் கீறல் வழியாகப் பின்பக்கமாகவும் கீழாகவும் பீய்ச்சப்படுகிறது. அதாவது, விட்ட மூச்சு முன்னால் உள்ள வாசனையைக் கலைத்துவிடுவதில்லை. போகிற போக்கில் முன்னால் உள்ள புதுக் காற்றை மூக்கின் பக்கம் இழுத்தும் தருகிறது. தரையில் மோந்து பார்க்கும்போது புழுதியைக் கிளப்பி, அதில் ஒட்டியிருக்கும் வாடையையும் எழுப்புகிறது. நொடிக்குச் சுமார் ஐந்து முறை இது நடக்கிறது. 'சுஃப்சுஃப்சுஃப்' என்று நாம் கேட்பது இந்தத் துருத்தியின் சத்தம்.

உள்ளே போன காற்றும் இரண்டாகப் பிரிகிறது. 2010-இல் ப்ரென்ட் க்ரேவன், எரிக் பேட்டர்சன், செட்டில்ஸ் மூவரும் ஒரு லாப்ரடாரின் மூக்கைக் கணினியில் முப்பரிமாணமாகக் கட்டி, காற்று போகும் பாதையைக் கணக்கிட்டார்கள். பெரும்பகுதி நுரையீரலுக்குப் போக, ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு தனிப் பாதையில் ஏறி மூக்கின் பின்பக்கத்தில் உள்ள மோப்ப அறைக்குப் போகிறது. அங்கே எலும்புத் தகடுகள் வெங்காயத் தாள்போலச் சுருண்டு சுருண்டு கிடக்கின்றன. அவற்றின் மேல் படர்ந்திருக்கும் ஈரச் சவ்வில் வாசனை அறியும் செல்கள். மனிதருக்கு இவை 50 முதல் 60 லட்சம் என்றால், நாய்க்கு இனத்தைப் பொறுத்து 12 கோடியிலிருந்து 30 கோடி வரை என்று சொல்லப்படுகிறது. மனித மூக்கில் இந்தத் தனி அறை கிடையாது. மூச்சும் வாசனையும் ஒரே வழியில் வந்து ஒரே வழியில் போய்விடுகின்றன.

இந்த மூக்கின் வடிவத்துக்கு மட்டும் எவ்வளவு வலிமை என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டில் மேத்யூ ஸ்டேமேட்ஸ் என்ற பொறியாளர் 2016-இல் ஒரு பெண் லாப்ரடாரின் மூக்கை முப்பரிமாண அச்சில் வார்த்து, வெடிமருந்து கண்டுபிடிக்கும் சந்தைக் கருவி ஒன்றின் முன்னால் மாட்டினார். கருவி நாயைப்போல இழுத்து இழுத்து விடும்படி செய்தார். கருவியின் திறன் 16 மடங்கு வரை கூடியது. உயிரே இல்லாத பிளாஸ்டிக் மூக்கு அது. மோப்பச் செல் ஒன்றுகூட அதில் இல்லை.

மூக்கோடு முடியவில்லை. மேல்வாயில், முன்பற்களுக்குப் பின்னால், சின்ன மொட்டுபோல ஒரு மேடு இருக்கும். அதன் இரு பக்கமும் நுண்ணிய துளைகள். அவை போய்ச் சேரும் உறுப்பை 1813-இல் டென்மார்க்கைச் சேர்ந்த லுட்விக் யாக்கப்சன் விவரித்தார். அவர் பெயராலேயே இன்றும் அழைக்கப்படுகிறது. எளிதில் ஆவியாகாத, ஈரத்தில் கரையும் செய்திகளைப் படிக்கும் இடம் அது. ஆண்நாய் மற்றொன்றின் சிறுநீரை நக்கிவிட்டு, பற்கள் கிடுகிடுக்க, வாயோரம் நுரை கட்ட, ஒரு மாதிரி உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். குளிரும் இல்லை, வலிப்பும் இல்லை. நாக்கால் எடுத்ததை அந்த உறுப்புக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது.

முகர்ந்ததை மூளை என்ன செய்கிறது? கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஃபிலிப்பா ஜான்சன் குழு 2022-இல் 23 நாய்களின் மூளையை ஸ்கேன் செய்து நரம்புப் பாதைகளை வரைந்தது. மோப்பத்துக்கான பகுதியிலிருந்து பார்வைக்கான பகுதிக்கு நேரடியாக ஒரு நரம்புக் கற்றை ஓடுவது தெரிந்தது. வேறு எந்த உயிரினத்திலும் அதுவரை அப்படி ஒன்று விவரிக்கப்பட்டதில்லை. கண் தெரியாமல் போன வயதான நாய்கள் வீட்டில் நாற்காலி மேல் இடிக்காமல் நடமாடுவதைக் கண்டு வியப்பவர்களுக்கு இது ஓரளவு விளக்கம் தருகிறது.

மோந்து பார்ப்பதிலும் முறைகள் உண்டு. இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் பிராட்ஷா, அமண்டா லீ இருவரும் வெளியே அழைத்துவரப்பட்ட நாய்கள் சந்தித்துக்கொள்வதைக் கவனித்துக் குறித்து 1992-இல் வெளியிட்டார்கள். சந்திப்புகளில் பெரும்பாலும் நடந்தது மோப்பம்தான். ஆண்நாய்கள் பின்பக்கத்தை நாடின. பெண்நாய்கள் முகத்துப் பக்கமே அதிகம் மோந்தன. தெருவில் கொஞ்ச நாள் கவனித்தால் நீங்களும் இதைப் பார்க்கலாம். ஆண் பின்னால் போகப் போக, பெண் சுற்றிச் சுற்றித் திரும்பி அதன் வாயை மோப்பதற்கு வரும். என்ன தின்றுவிட்டு வந்தாய் என்ற விசாரணை வாயோரத்தில் இருக்கிறது.

இத்தாலியில் பாரி பல்கலைக்கழகத்து மார்செல்லோ சினிஸ்கால்கி குழு இன்னும் நுணுக்கமான ஒன்றைக் கண்டுபிடித்தது. புதிய வாசனையை நாய் முதலில் வலது மூக்கால் முகர்கிறது. பழகி, இதனால் ஆபத்தில்லை என்று தெரிந்ததும் இடது மூக்குக்கு மாறிக்கொள்கிறது. ஆனால் கால்நடை மருத்துவரின் வியர்வையை நீட்டியபோது, எத்தனை முறை நீட்டினாலும் வலது மூக்கை விடவில்லை. வலது மூக்கு வலப்பக்க மூளைக்குச் சேதி சொல்கிறது. அச்சமும் எச்சரிக்கையும் அந்தப் பக்கத்தைச் சேர்ந்தவை. ஆஸ்பத்திரி வாசலிலேயே நான்கு காலையும் ஊன்றி வரமாட்டேன் என்கிற நாயைப் பிடிவாதக்காரன் என்று திட்டுகிறோம். உள்ளே நுழையும் முன்பே அது அந்த டாக்டரை முகர்ந்துவிட்டது.

எதிரே வருபவர் இல்லாதபோதும் இந்தப் பேச்சு நடக்கிறது. மின்கம்பம், குப்பைத் தொட்டி, நிறுத்தி வைத்த காரின் சக்கரம். நாய் ஒவ்வொன்றாக நின்று நின்று போவது இவற்றில் எழுதியிருப்பதைப் படிப்பதற்குத்தான். கடைசியில் காலைத் தூக்கித் தன் பங்குக்கு ஒரு வரி எழுதுகிறது. கார், பைக் சக்கரத்தின் மேல் நாய்களுக்கு இவ்வளவு ஈர்ப்பு ஏன் என்பதும் இதோடு சேர்ந்ததே. அடுத்த தெருவின், அடுத்த ஊரின் வாடையைச் சுமந்துகொண்டு வந்து வீட்டு வாசலில் நிற்பது அதுதானே.

கொலராடோவின் போல்டர் நகரில் மார்க் பெக்காஃப் என்ற விலங்கியலாளர் தன் நாய் ஜெத்ரோவோடு ஐந்து குளிர்காலம் செய்த ஆய்வு, இந்தத் துறையில் எவ்வளவு எளிய கருவியால் எவ்வளவு அழகான கேள்வியைக் கேட்கலாம் என்பதற்கு எடுத்துக்காட்டு. பனியில் நாய்கள் சிறுநீர் கழித்த இடம் மஞ்சளாகத் தெரியும். சுத்தமான கையுறை போட்டு அந்த மஞ்சள் பனியை அள்ளி, ஜெத்ரோ வரும் வழியில் வேறிடத்தில் வைத்துவிட்டு, அது எங்கே எவ்வளவு நேரம் மோக்கிறது என்று குறித்துக்கொண்டார். தன்னுடையது என்றால் ஜெத்ரோ சட்டென்று கடந்தது. மற்ற நாய்களுடையது என்றால் நின்று மோந்தது. தன்னுடையது எது, பிறருடையது எது என்று இடம் மாறினாலும் அதற்குத் தெரிந்திருந்தது. கண்ணாடியில் தன்னைத் தெரிந்துகொள்வதுதான் தன்னறிவுக்கு அடையாளம் என்று விலங்குகளுக்குத் தேர்வு வைத்துக்கொண்டிருந்த காலத்தில், நாய்க்குக் கண்ணாடி மூக்கில் இருக்கிறது என்று காட்டிய ஆய்வு இது. 2001-இல் வெளியானது.

ஐதாக்காவில் உள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தின் பெட்டி மெக்வயர் குழு 2018-இல் இன்னொன்று சொன்னது. குள்ளமான ஆண்நாய்கள் பெரிய நாய்களைவிட அதிகக் கோணத்தில் காலைத் தூக்குகின்றன. அடையாளம் உயரத்தில் விழுந்தால், படிக்க வரும் நாய் எழுதியவரை உள்ளதைவிடப் பெரியவராக நினைத்துக்கொள்ளக்கூடும்.

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகு நாய்க்குட்டிகளின் கதைக்கு வந்தால் மனம் கனத்துவிடும்.

குட்டி பிறக்கும்போது கண் மூடியிருக்கும், காதும் அடைத்திருக்கும். கண் திறக்க இரண்டு வாரம் ஆகும், காது திறக்க அதற்கும் கொஞ்சம் மேலே. அதுவரை அதற்கு உலகம் என்பது சூடும் வாசனையும்தான். பெல்ஃபாஸ்ட் நகரின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஹெப்பர் என்ற உளவியலாளர் இந்தக் குட்டிகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். டெபோரா வெல்ஸோடு சேர்ந்து 2006-இல் அவர் வெளியிட்ட ஆய்வில், சினையாக இருந்தபோது சோம்பு கலந்த உணவு தின்ற தாயின் குட்டிகள், பிறந்து ஒரே நாளில் சோம்பு வாசனையை நோக்கித் தலையைத் திருப்பின. கருவிலேயே முகரக் கற்றிருந்தன.

அதற்கும் முன்பு, 1994-இல் அவர் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஆழமாகத் தொடுகிறது. பிறந்த சில வாரங்களில் தாயைவிட்டுப் பிரிந்து வேறு வேறு வீடுகளுக்குப் போன நாய்களை ஏறத்தாழ இரண்டு ஆண்டு கழித்து அவர் எடுத்துக்கொண்டார். தாய் படுத்துறங்கிய துணி ஒன்று, அதே வயதும் இனமும் உள்ள அந்நியப் பெண்நாய் படுத்த துணி ஒன்று. இரண்டையும் வைத்தபோது, வளர்ந்த பிள்ளைகள் தாயின் துணியையே அதிக நேரம் முகர்ந்தன. தாய்களும் அப்படியே. இரண்டு ஆண்டாகப் பார்த்திராத பிள்ளையின் துணியை அடையாளம் கண்டுகொண்டன. உடன்பிறந்தவற்றின் நிலை மட்டும் வேறு. கூடப் பிறந்த ஒன்றோடு தொடர்ந்து வாழ்ந்த நாய்களுக்கே மற்ற உடன்பிறப்பின் வாடை தெரிந்தது. தனியாகப் போனவை மறந்துவிட்டிருந்தன. கண் திறக்காத குட்டியைத் தாயிடமிருந்து பிடுங்கி அட்டைப்பெட்டியில் போட்டு விற்பவர்களும் வாங்குபவர்களும் இந்த ஆய்வை ஒருமுறை கேட்டால் நல்லது. எட்டு வாரமாவது தாயோடு விட வேண்டும்.

நம் தெருக்களில் நடக்கும் ஒன்றும் இங்கே நினைவுக்கு வருகிறது. கருத்தடைக்காக மாநகராட்சி வண்டி பிடித்துப்போன நாய், சில நாள் கழித்துக் காதில் வெட்டு அடையாளத்தோடு திரும்பி வரும். 2023-ஆம் ஆண்டின் விலங்குக் கருத்தடை விதிகள்படி, பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட வேண்டும். வண்டியிலிருந்து குதித்தவுடன் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பழைய கூட்டாளிகள் ஓடிவந்து உடனே கொஞ்சுவதில்லை. சுற்றி நின்று மோக்கின்றன. தலை, வயிற்றுத் தையல், காது, வாலடி. மருந்தும் பினாயிலும் வேறு நாய்களின் வாடையும் சேர்ந்து அதன் மேல் இருக்கிறது. திரும்பி வந்த நாய் அசையாமல் நின்று காட்டுகிறது. முகம் தெரிந்த கூட்டாளிதான். ஆனாலும் மூக்கு சரி என்று சொன்ன பிறகே வால்கள் ஆடத் தொடங்குகின்றன. அந்தத் தெருவின் ஒவ்வொரு கம்பமும் அந்த நாய்க்கு ஒரு முகவரி. வேறு ஊரில் கொண்டுபோய் விடப்பட்ட நாய்க்கு அந்த முகவரி ஒன்றுகூட இருக்காது. இடம் மாற்றி விடுவதைச் சுலபமான தீர்வு என்று பேசுபவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மோப்பத்தில் ஆபத்தும் உண்டு, அதை மறைத்துப் பேசுவது நாய்களுக்குச் செய்யும் நல்லதாகாது. பார்வோ வைரஸ் மலத்தில் வெளியேறி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டோஸ்பைரா சிறுநீரில் வரும். தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவில் இறக்கி மோக்கவிடுவது உயிரோடு விளையாடுவது.

இவற்றைவிட விசித்திரமானது ஒரு தொற்றுப் புற்றுநோய். நாய்களின் இனப்பெருக்க உறுப்பில் காலிஃபிளவர்போல வளரும் அந்தக் கட்டியைத் தெருநாய்களிடம் பலர் பார்த்திருப்பீர்கள். கிருமியால் வருவதில்லை. புற்றுச் செல்களே ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்குத் தாவி அங்கே வளர்கின்றன. 1876-இல் ரஷ்யக் கால்நடை மருத்துவர் ம்ஸ்திஸ்லாவ் நோவின்ஸ்கி இதை ஒரு நாயிலிருந்து மற்றொன்றுக்கு ஒட்டவைத்துக் காட்டினார். கேம்பிரிட்ஜில் எலிசபெத் மர்ச்சிசன் குழு 43 நாடுகளின் 546 கட்டிகளின் மரபணுவை ஒப்பிட்டு 2019-இல் சொன்னது இது. 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன்பு ஆசியாவில் வாழ்ந்த ஏதோ ஒரு நாயின் உடம்பில் தோன்றிய செல்கள் இன்றுவரை சாகாமல் நாய்விட்டு நாய் தாவி வருகின்றன. பெரும்பாலும் இணைசேரும்போது பரவுகிறது. ஆனால் சில நாய்களுக்கு மூக்கிலும் வாயிலும் கட்டி வருகிறது. அதே குழு 2022-இல் ஏறத்தாழ 2,000 நோயுற்ற நாய்களின் விவரங்களைப் பார்த்தபோது, மூக்கிலோ வாயிலோ கட்டி இருந்தவை 32. அவற்றில் 27 ஆண்நாய்கள். பெண்நாயின் வாலடியை மோப்பதிலும் நக்குவதிலும் ஆண்களுக்கு இருக்கும் ஆர்வமே காரணம் என்று அவர்கள் கருதுகிறார்கள். பிராட்ஷாவும் லீயும் இங்கிலாந்தில் எண்ணிப் பார்த்த அதே பழக்கம் இங்கே புற்றுநோயின் பாதையாகத் தெரிகிறது. நல்ல வேளையாக வின்கிரிஸ்டின் ஊசிக்கு இந்தக் கட்டி நன்றாகக் கரையும். மூக்கில் அடிக்கடி ரத்தம் ஒழுகும் தெருநாயைப் பார்த்தால் அடிபட்டது என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மனிதர்களிடமும் நாய் இதே முறையில்தான் அறிமுகம் செய்துகொள்ளப் பார்க்கிறது. வீட்டுக்கு வந்த விருந்தாளியின் தொடைப் பக்கம் மூக்கைக் கொண்டுபோய் எல்லோரையும் சங்கடப்படுத்துகிறது. மனித உடம்பில் வாடைமிக்க வியர்வைச் சுரப்பிகள் அக்குளிலும் தொடை இடுக்கிலும் கூடியிருக்கின்றன. அக்குள் உயரத்துக்கு எட்டாது, தொடை எட்டுகிறது. விருந்தாளி கையை மடக்கித் தாழ்த்தி, பக்கவாட்டில் நின்று முகரக் கொடுத்தால் நாய்க்கு அதுவே போதும்.

மனிதர்கள் இதில் முழுக்க வேறு சாதி என்றும் சொல்லிவிட முடியாது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் நோவாம் சோபல் குழு, காத்திருப்பு அறையில் மறைவாகக் கேமரா வைத்து, கைகுலுக்கிய பிறகு ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தது. தன் பாலினத்தவரோடு கைகுலுக்கியவர்கள், குலுக்கிய கையைத் தங்களை அறியாமலேயே மூக்கருகே கொண்டுபோன நேரம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருந்தது. 2015-இல் வெளியான ஆய்வு இது. தமிழுக்கு இது புதிதும் இல்லை. ஊரிலிருந்து வந்த பேரப்பிள்ளையைப் பாட்டி அணைத்து உச்சி முகர்கிறாள். முத்தத்துக்கும் முந்திய அந்தச் செயலுக்கு நம் மொழியில் தனிச்சொல்லே இருக்கிறது.

இனி மீண்டும் அந்தக் காலை நடைக்கு. நடை என்பது நாய்க்குக் கால்களுக்கான பயிற்சி என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸும் ஷார்லட் டுரான்டனும் 2019-இல் வீட்டு நாய்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு இரண்டு வாரம் மோந்து தேடும் விளையாட்டு, மற்றதற்குக் காலோடு ஒட்டி நடக்கும் பயிற்சி. பிறகு, உள்ளே தீனி இருக்குமா இருக்காதா என்று தெரியாத இடத்தில் ஒரு கிண்ணத்தை வைத்தார்கள். மோந்து பழகிய நாய்கள் முன்னைவிட வேகமாக அதை நோக்கிப் போயின. இருக்கும் என்று நம்பிப் போயின. ஒட்டி நடக்கப் பழகியவற்றில் அந்த மாற்றம் இல்லை.

வெயிலில் இரைக்கும் நாயால் நன்றாக மோக்க முடியாது என்பதையும் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் இரித் காசித், யோசப் டெர்கெல் இருவரும் 2003-இல் காட்டியிருக்கிறார்கள். வாயால் இரைக்கும்போது மூக்கின் வேலை குறைந்துவிடுகிறது. நம்மூரில் விடியற்காலையும் பொழுது சாய்ந்த பிறகும்தான் நாய்க்கு உண்மையான நடை.

எல்லாச் சந்திப்பையும் அப்படியே விட்டுவிட வேண்டும் என்பதில்லை. உடம்பு விறைத்து, முதுகு மயிர் சிலிர்த்து, வால் கம்பிபோல் நிமிர்ந்து, ஒன்று மற்றொன்றை முறைத்தபடி அசைவற்று நின்றால் உடனே அழைத்துக்கொண்டு நகர்ந்துவிட வேண்டும். அப்போதும் சங்கிலியை மேல்நோக்கி இழுக்கக் கூடாது. இழுத்தால் நாயின் நெஞ்சு தூக்கி நிற்கும், எதிரே உள்ள நாய்க்கு அது சண்டைக்கு வருவதாகத் தெரியும். வளைந்து போகவும் பின்னால் சுற்றவும் இடமில்லாமல் முகத்துக்கு நேரே நிற்கவைத்தால் அமைதியான நாய்கூடக் குரைக்கத்தான் செய்யும். சங்கிலியில் இருக்கும்போது மட்டும் எல்லா நாயையும் பார்த்துச் சீறும் நாய்கள் பலவற்றின் பிரச்சினை இதுதான்.

நாளைக் காலை உங்கள் நாயைக் கூட்டிக்கொண்டு போகும்போது, தடுப்பூசி எல்லாம் போட்டிருந்தால், எதிரே வரும் நாய் அமைதியாகத்தான் இருக்கிறது என்றால், சங்கிலியைத் தளர்த்திப் பிடியுங்கள். ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு நில்லுங்கள். அவை பேசி முடித்ததும் தானாகவே விலகிக்கொள்ளும்.